யாமினி என்ன செய்வாள்

கடைசி அத்தியாயம் விடியும்போதே போனில் வந்துவிட்டது. குளியலறை வாசலில் வாளியோடு வரிசையில் நின்றபடியே அன்புக்கரசி அதைப் படித்தாள். முடித்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பின்னால் நின்ற அறைத்தோழி, “என்னாடி, தண்ணி வரலியா?” என்று கேட்டது காதில் விழவில்லை.

யாமினி புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

யாமினி கதையில் வருகிறவள்தான். யாரோ எழுதி, வாரம் ஒன்றாகப் போனில் வந்துகொண்டிருந்த தொடர்கதை. ஆனால் யாமினி எங்கே போகிறாளோ அங்கே இளமதியும் போவாள். நேற்றுதான் அத்தனை பேர் எதிரில் சத்தியம் செய்திருந்தாள். அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்து, இத்தனை மாதமாக அவளுக்குப் படித்துக் காட்டியது அன்புக்கரசி.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சுப்புராயன் நடத்தும் சின்னப் பட்டறையில் இருவருக்கும் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்வார்கள். கை தன்னால் ஓடும்; மனசு எங்கேயாவது போய் யாரோடாவது சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஒருத்தி கதை படிப்பாள். படிக்கிறவளுடைய தட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சீவி நிரப்பிவிடுவார்கள். அது அங்கே வழக்கம். சுப்புராயனும் கண்டுகொள்ள மாட்டார். கதை ஓடும்போது ஒருத்தியும் வெற்றிலை போட எழுந்து போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

நல்லூரிலிருந்து வந்து ஜங்ஷன் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த அன்புக்கரசிக்குக் குரல் நன்றாக இருந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே படிக்கிறவள் அவள்தான் என்று ஆகிவிட்டது.

இளமதி பிறகு வந்தவள். மேசையில் மூத்தவளான காசியம்மாளின் பெரிய மகள். பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் நந்தகுமார், ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். குழம்பில் உப்பு கரிக்கிறது என்று ஒரு நாள் அவள் இடது கையைப் பிடித்து, அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் வைத்து அழுத்திவிட்டான். கை ஆறியதும் அம்மாவோடு பட்டறைக்கு வந்தாள். உள்ளங்கையில் பொம்மையை ஏந்திப் பிடிக்க வராது. மடியில் துணி விரித்து அதன்மேல் வைத்துச் சீவுவாள். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளைப் பேச வைத்தது யாமினிதான். ஒரு நாள் அன்புக்கரசி படித்துக்கொண்டிருந்தாள். கதையில் புருஷன் வசந்தன் சோற்றுத் தட்டைத் தூக்கி யாமினி மேல் எறிகிறான். திடீரென்று மேசைக் கோடியிலிருந்து ஒரு குரல்:

“தட்டுதான? அவ குடுத்து வச்சவ.”

எல்லாருடைய கத்தியும் நின்றது. பிறகு திரௌபதி சிரித்துவிட்டாள். அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்து இளமதியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு அன்புக்கரசி அறைக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை. ஒரு கதை ஒரு மனுஷிக்கு வாய் கொடுக்கிறது, அது தன் வாய் வழியாகப் போய்க் கொடுக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

யாமினி பெட்டியோடு புருஷன் வீட்டைவிட்டு இறங்கிய வாரம், இளமதி அம்மாவிடம், “நானும் இனிமே போவ மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். காசியம்மாள் விடவில்லை. சின்ன மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, பெரியவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்றுதான். போதாததற்கு நந்தகுமார் வேறு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். நேற்று மேசையிலேயே சண்டை முற்றியது.

“கோயில்ல பூக்கட்டிப் பாத்துடுவோம்டி. வெள்ளப் பூ வந்தா போ. செவப்பு வந்தா இரு. சாமி சொன்னப்பறம் நான் வாய் தொறக்க மாட்டேன்.”

“பூவுக்கு என்னாம்மா தெரியும்? அது என் கையப் பாத்துச்சா?” என்றாள் இளமதி. “யாமினிக்குத்தான் என் கஷ்டம் தெரியும். நாளைக்குக் கடைசியாம். அவ திரும்பிப் போனா நானும் போறேன். போவலன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடணும்.”

காசியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம் மண் அப்பிய கையை நீட்டினாள். மகள் அதில் அடித்துச் சத்தியம் செய்தாள். சாமி பூப்பொட்டலத்துக்குள் இருந்தாலென்ன, போனுக்குள் இருந்தாலென்ன என்று காசியம்மாள் நினைத்திருக்க வேண்டும். அன்புக்கரசியும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். இவ்வளவு அடி வாங்கிய யாமினி திரும்பிப் போவாள் என்று யார் கண்டது?

இன்று பட்டறை வாசலிலேயே அன்புக்கரசி இளமதியை மடக்கினாள்.

“அக்கா, ஒரு நிமிஷம். அந்தக் கதை...”

இளமதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “ஐயோ, சொல்லாத! எல்லாரோடயும் சேந்து கேட்டாத்தான் சத்தியம் செல்லும்.”

“அது வெறும் கதைக்கா.”

“இத்தினி நாளும் நீ அப்பிடிச் சொல்லலியே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேசையில் உட்கார்ந்ததும், இன்னும் வரவில்லை, சிக்னல் இல்லை என்று அன்புக்கரசி சொல்லிப் பார்த்தாள்.

“வந்துடுச்சுன்னு எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு காலையிலயே சொல்லிச்சே” என்றாள் திரௌபதி. “என்னா முடிவுன்னு கேட்டேன். நீங்களே கேட்டுக்குங்கன்னு ஓடிட்டா. ம், எடு எடு. பிகு பண்ணாத.”

காசியம்மாள் ஏற்கனவே தன் தட்டிலிருந்து சீவிய பொம்மைகளை எடுத்து அன்புக்கரசியின் தட்டில் வைக்கத் தொடங்கியிருந்தாள். மற்ற நாளைவிட அதிகமாகவே வைத்தாள்.

அன்புக்கரசி போனை எடுத்தாள். முதல் பாதி பிரச்சினையில்லை. யாமினி மழையில் ஜன்னலோரம் நிற்கிறாள், பழசையெல்லாம் நினைக்கிறாள். அதை எழுதியபடியே படித்தாள். பிறகு அந்த இடம் வந்தது. “யாமினி பெட்டியை எடுத்தாள்” என்று இருந்தது. எதிரே இளமதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாமினி பெட்டியைத்... திரும்ப வைத்தாள்” என்று படித்தாள் அன்புக்கரசி.

அதற்கப்புறம் கதை அவளுடையது. யாமினி போகவில்லை. வசந்தனுக்கு இனி நான் வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். வேலைக்குப் போனாள். நல்ல வேலை. எல்லாரும் அவளை மதித்தார்கள். அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். சூரியன் உதித்தது. இதற்கு மேல் அன்புக்கரசிக்கு ஒன்றும் வரவில்லை. சூரியன் இன்னொரு தடவை உதித்தது. வியர்வை கழுத்தில் இறங்கியது. ஆனால் இளமதியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்தால் நிறுத்த முடியவில்லை.

“ஏண்டி” என்றாள் திரௌபதி.

“இரு திரௌபதிக்கா, முடியப் போவுது.”

“இல்லடி. போனு எப்பவோ தூங்கிப்போச்சு. நீ மட்டும் இன்னும் படிச்சிக்கிட்டே இருக்கிறியே, எப்பிடி?”

எல்லோரும் பார்த்தார்கள். அன்புக்கரசியின் கையில் போன் கறுப்பாக இருந்தது. அவள் அதை விரலால் தள்ள மறந்து எவ்வளவு நேரம் ஆனதோ. திரையில் அவள் முகம்தான் தெரிந்தது.

திரௌபதி தமாஷுக்குத்தான் கேட்டிருப்பாள். ஆனால் காசியம்மாள் எழுந்து வந்துவிட்டாள். போனைப் பிடுங்கி அன்புக்கரசியிடமே நீட்டி, “தொற” என்றாள். திறந்ததும் வாங்கித் திரௌபதியிடம் கொடுத்தாள். “நீ படி.”

“எனக்கு எழுத்துக் கூட்டவே பொழுது போயிடும். இதுல தானே பேசறது ஒண்ணு இருக்குதே” என்று திரௌபதி மண் ஒட்டாத விரல் முட்டியால் எங்கோ அழுத்தினாள்.

போன் பேசியது. ஒரு பெண் குரல். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ரயில் தாமதம் என்று சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டு போனது. யாமினி பெட்டியை எடுத்தாள். வசந்தனின் வாசலில் போய் நின்றாள். வசந்தன் ஓடி வந்தான். அவள் கால்களில் விழுந்தான். குழந்தையைப்போலத் தேம்பித் தேம்பி அழுதான். என்னை மன்னித்துவிடு யாமினி, உன் பொறுமை என்னை மனிதனாக்கிவிட்டது என்றான். அவள் அவன் தலையைக் கோதினாள். பூமி பொறுப்பதால்தான் வானம் பொழிகிறது. முற்றும். இந்தக் கதை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் தரவும்.

காசியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “கேட்டியா? கேட்டியாடி? சொல்லிடுச்சு பாரு.”

“அது யாரோ எழுதனது!” அன்புக்கரசி எழுந்துவிட்டாள். கை பட்டு, தட்டிலிருந்து இரண்டு பொம்மை கீழே விழுந்து நசுங்கின. “யாரோ ஒருத்தர் எங்கயோ ஏசி ரூமுல குந்திக்கிட்டு எழுதனது. அவங்களுக்கு இந்தக் கையத் தெரியுமா? கதை முடியணும்னு முடிச்சிருக்காங்க. அதுக்குப் போயி...”

“அப்ப நீ படிச்சது?” என்றாள் காசியம்மாள். “அது யாரு எழுதனது?”

“நான் நல்லதுக்குத்தான் பெரியம்மா...”

“அவங்களும் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பாங்க. உனக்குப் புடிச்சா கதை சாமி, புடிக்கலன்னா கதை பொய்யா? எம்பொண்ணு வாழ்க்கைய உன் வாய்க்குள்ள வச்சி மென்னுட்டு இருந்தியே, துப்பு கெட்டவளே.”

அன்புக்கரசி இளமதியைப் பார்த்தாள். அவள் முகம் பழையபடி மூடிக்கொண்டுவிட்டது. மடித்துணியை உதறினாள். கத்தியைத் துடைத்து வைத்தாள்.

“நீ மாத்திப் படிப்பேன்னு நெனைக்கல அன்பு” என்றாள். “இதுவரைக்கும் படிச்சதுல எது அதுல இருந்தது, எது நீ சேத்ததுன்னு இப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?”

“இன்னிக்கு மட்டும்தான்க்கா. என் தலமேல அடிச்சு சொல்றேன், இன்னிக்கு மட்டும்தான்.”

“சத்தியம் பண்ணிட்டேன். போறேன்.”

சுப்புராயன் அம்மாவுக்கும் மகளுக்கும் அரை நாள் லீவு கொடுத்தார். நல்ல காரியம் என்று காசியம்மாளிடம் வாழ்த்தும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் யாரும் கதை கேட்கவில்லை. பொம்மைகளின் கோடு அன்புக்கரசியின் கண்ணுக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. காலையில் காசியம்மாள் சீவி வைத்த பொம்மைகள் அவள் தட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அடுத்த தடவை தோசைக்கல்லாக இருக்காது. டிராக்டராகக் கூட இருக்கலாம். அவள் கத்தியைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். சுப்புராயன் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடியபோது பெண்ணாடம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. படியில் தொற்றினாள். “ஏம்மா, சாவறதுக்கு என் பஸ்ஸுதான் கெடச்சுதா?” என்று கண்டக்டர் கத்தினார். நடு சீட்டில் அம்மாவும் மகளும். இளமதி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். மடியில் துணிப்பை. காசியம்மாள் அன்புக்கரசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்க வர?” என்றாள் இளமதி.

“உன்கூட.”

“எதுக்கு?”

“தெரியல. நீ உள்ள போவறத நான் பாக்கணும். நான்தான படிச்சேன்.”

காசியம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே, “வரட்டும். வந்து பாக்கட்டும். அப்பவாவது புத்தி வரும்” என்றாள். டிக்கெட்டும் அவளே சேர்த்து எடுத்தாள்.

கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் நின்றது. அன்புக்கரசி இளமதியின் முழங்கையைத் தொட்டாள். “எறங்கிடலாம்க்கா. இப்பவே. என் ரூமுக்குப் போயிடலாம்.” இளமதி அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எதையோ மனப்பாடம் செய்கிறவளைப்போல இருந்தாள். பஸ் கிளம்பியது.

பெண்ணாடத்தில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. நந்தகுமாரின் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு தெருவில். வெயில் தாழ்ந்திருந்தது. அவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். காசியம்மாள் வாயெல்லாம் பல்லாக, “மாப்ள, கூட்டியாந்துட்டேன்” என்றாள்.

“ம்” என்றான் நந்தகுமார். பிறகு இளமதியிடம், “வந்துட்டியா? ஆளு மேல ஆளு அனுப்பணும், அப்பத்தான் வருவ. உள்ள போ. மாவு இருக்குது, தோசை ஊத்து. காலையிலேருந்து டீயோட கெடக்குறேன்” என்றான். பார்வை அன்புக்கரசிமேல் போனது. “இது யாரு?”

காசியம்மாள் மகளைப் படிப் பக்கம் தள்ளினாள்.

இளமதி படிக்குக் கீழேயே நின்றாள். உள்ளே போகவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. பையைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் குழம்பு தாளிக்கிற சத்தம் கேட்டது. அன்புக்கரசிக்கு முதலில் புரியவில்லை. அவள் பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் பார்த்தாள், இளமதி காத்துக்கொண்டிருந்தாள்.

“என்னா மொறைக்கிற?” என்றான் நந்தகுமார்.

“வேற ஒண்ணும் சொல்லலியா நீங்க?”

“என்னா சொல்லணும்?”

“இந்தக் கை” என்று இளமதி இடது கையை நீட்டினாள். பட்டுப்புடவைக்கு எதிரே உள்ளங்கை சுருங்கிச் சிவந்து தெரிந்தது. “இதுக்கு.”

அவன் சிரித்தான். “அடங்கொப்புரான. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்கு நான் உன் கால்ல வுழணுமா?”

“ஆமா” என்றாள் இளமதி.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. விலை கேட்டவனுக்கு விலை சொல்வதைப்போலச் சொன்னாள். நந்தகுமாரின் சிரிப்பு நின்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். காசியம்மாள் குறுக்கே பாய்ந்தாள். “மாப்ள, மாப்ள, அவ சின்னப் பொண்ணு, தெரியாம... ஏண்டி, போடி உள்ள!”

“கதையில அவன் கால்ல வுழுந்தாம்மா” என்றாள் இளமதி. “வுழுந்து அழுதான். அப்பறம்தான் அவ உள்ள போனா. நீயும்தான கேட்ட? யாமினி என்ன பண்றாளோ அதத்தான் பண்றேன்னு சொன்னேன். வாசல் வரைக்கும் வந்தேன். நின்னேன். அவ்வளவுதான் என் பங்கு. அவன் பங்க அவன் செய்யல.”

“அது கதைடி!” என்று காசியம்மாள் அலறினாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

நந்தகுமார் கையை ஓங்கிக்கொண்டு படியிறங்கினான். தெருவில் இரண்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், கையை இறக்கிக்கொண்டான். “போனா போனதுதான். நாளைக்கு வந்து கதவத் தட்டுனா செருப்பால அடிப்பேன். ஊரு முழுக்க சொல்லுவேன் உன் யோக்கியதய” என்றான். பையைப் பிடுங்கித் தெருவில் வீசினான். இளமதி குனிந்து அதை எடுக்கவில்லை. திரும்பி நடந்தாள். நடை பின்னியது. அன்புக்கரசி ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

காசியம்மாள் வரவில்லை. மூலை திரும்பும்போது பார்த்தார்கள். அவள் மாப்பிள்ளை வீட்டுப் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். சின்ன மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். கரும்பு டிராக்டர் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒவ்வொன்று வரும்போதும் இளமதி பின்னால் நகர்ந்தாள்.

“இனிமே அம்மா வூட்டுக்கும் போவ முடியாது” என்றாள். “சின்னவளுக்கு என்னால வரன் எதுவும் வராதுன்னு ஆயிடும். நான் என்ன பண்ணிட்டேன் அன்பு? இதுக்கப்பறம் யாமினி இல்லியே. முடிஞ்சிபோச்சே.”

அன்புக்கரசி ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தாள். காலையில் சொன்ன சூரியனெல்லாம் ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டாள். அறையில் ஏற்கனவே மூன்று பேர். ஆள் சேர்த்தால் காலி செய் என்று வீட்டுக்காரம்மா ஸ்ரீரஞ்சனி அட்வான்ஸ் வாங்கிய அன்றே சொல்லியிருந்தாள். பட்டறையிலிருந்து சொல்லாமல் வந்தாயிற்று; நாளைக்கு வேலை இருக்கிறதா என்பதும் தெரியாது.

போனை எடுத்து வீட்டுக்காரம்மாவின் நம்பரைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது.

“யாரு?” என்றது அந்தப் பக்கம்.

“அக்கா, நான் அன்பு பேசறேன். நல்லூர் அன்பு. ஒரு விஷயம்...”

“வாடகை விஷயம்னா நாளைக்குப் பேசு. வாசல்ல ஆள் நிக்கறாங்க.”

“இல்லக்கா. வச்சிடாதீங்க” என்றாள் அன்புக்கரசி. “என்கூட ஒருத்தங்கள கூட்டிட்டு வரேன். ஏன்னு சொல்றேன். முழுசா சொல்றேன். கொஞ்சம் கேளுங்க.”

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. பக்கத்தில் இளமதி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.